பாரமான ஸ்லைடிங் கதவுக்கு ட்ராக்கும் ரோலரும் தெரிவு செய்வது எப்படி? மட்டக்களப்பு, அம்பாறைக்கான முழுமையான வழிகாட்டி

பெரும்போக அறுவடை முடிந்து நெல் மூடைகளோடு லொறி பின்வாங்கி வரும் நேரத்தில், களஞ்சிய வாசலின் இரு பக்கக் கதவும் வெளியே விரிந்து நின்றால் லொறிக்கு இடமில்லை. அதனால்தான் அரிசி ஆலை, நெல் களஞ்சியம், வாகனம் திருத்தும் கராஜ், தச்சுப் பட்டறை என்று அகலமான வாசல் தேவைப்படும் இடங்களில், மேலே பொருத்திய ட்ராக் என்ற தண்டவாளத்தில், சில்லுள்ள ரோலர்களால் தொங்கி ஓடும் ஸ்லைடிங் கதவைப் பலரும் விரும்புகிறார்கள். விருப்பம் சரியானதுதான். ஆனால் கடைக்குப் போய் "முந்நூறு கிலோ தாங்கும் ரோலர் ஒரு ஜோடி" என்று கேட்டு வாங்கி வந்து, அதன் பிறகு சுவரை நிமிர்ந்து பார்ப்பது முறையல்ல. ரோலர் கடைசியாக வாங்க வேண்டிய பொருள். கதவு எவ்வளவு பாரம், அது எதில் தொங்கப் போகிறது, எந்தக் காற்றுக்கு முகம் கொடுக்கப் போகிறது என்ற மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகுதான் பெட்டியில் அச்சிட்ட கிலோ எண்ணுக்குப் பொருள் வரும்.

இருநூறு கிலோ இரும்புக் கதவு தட்டையாகச் சரிந்தால் அடியில் நிற்பவர் தப்ப முடியாது. வாசலில் விளையாடும் பிள்ளைகள் கதவைத் தள்ளிப் பார்க்காமல் இருக்க மாட்டார்கள். ஆகவே இந்த வேலையில் சிக்கனம் பிடிக்கலாம், ஆனால் அதற்குரிய இடங்கள் வேறு.

படி 1: பாரத்தைக் கணக்கிடுங்கள், ஊகிக்காதீர்கள்

வெல்டிங் பட்டறையில் "ஒரு நூற்றைம்பது கிலோ வரும்" என்பார்கள். அதை ஏற்றுக்கொள்ளாமல் காகிதத்தில் கணக்குப் போடுங்கள். இரும்புக்கு ஒரு எளிய விதி உண்டு. ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள தகடு சதுர மீற்றருக்கு 7.85 கிலோ. எனவே ஒன்றரை மில்லிமீற்றர் தகடு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 11.8 கிலோ. பொக்ஸ் பார் என்ற சதுர இரும்புக் குழாயில் 50×50 மில்லிமீற்றர் அளவு, 2 மில்லிமீற்றர் தடிப்பு என்றால் மீற்றருக்கு 3 கிலோ. 3 மில்லிமீற்றர் தடிப்பு என்றால் 4.4 கிலோ.

இந்த வழிகாட்டி முழுவதற்கும் ஒரே உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். வாசல் 3 மீற்றர் அகலம். இரு பக்கமும் சுவரோடு பத்து சென்ரிமீற்றர் ஒட்டி நிற்க வேண்டும் என்பதால் கதவு 3.2 மீற்றர் அகலம், 3 மீற்றர் உயரம். சுற்றுச் சட்டம் 12.4 மீற்றர், நடுவில் ஒரு செங்குத்துச் சட்டம் 3 மீற்றர், இரண்டு குறுக்குச் சட்டம் 6.4 மீற்றர். மொத்தம் 21.8 மீற்றர் பொக்ஸ் பார். 3 மில்லிமீற்றர் தடிப்பில் 96 கிலோ. தகடு 9.6 சதுர மீற்றர், 113 கிலோ. பூட்டு, கைபிடி, வெல்டிங், பெயின்ட் எல்லாவற்றுக்கும் ஒரு பத்துக் கிலோ சேர்த்தால் 220 கிலோ.

அதே சட்டத்தில் தட்டைத் தகட்டுக்குப் பதிலாகக் கூரைக்குப் போடும் மெல்லிய அலைத் தகடு அடித்தால் கதவு 150 கிலோவுக்குள் வந்துவிடும். களவுப் பயம் அதிகமில்லாத களஞ்சியத்துக்கு அதுவே போதும். குறைந்த எழுபது கிலோ, பின்னால் வரும் ஒவ்வொரு படியிலும் பணத்தை மிச்சப்படுத்தும். சிக்கனம் பிடிக்க உரிய முதல் இடம் இது.

மரக் கதவென்றால் மரத்தின் இனம் முக்கியம். தேக்கு கன மீற்றருக்கு ஏறத்தாழ 650 கிலோ. முதிரை அதைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பாரம். தேக்குக்குப் போட்ட கணக்கை வைத்து முதிரைக் கதவைத் தொங்கவிடக் கூடாது. கண்ணாடிக்கு ஒரு மில்லிமீற்றருக்குச் சதுர மீற்றருக்கு 2.5 கிலோ, 10 மில்லிமீற்றர் கண்ணாடி 25 கிலோ. கடினமாக்கிய கண்ணாடியில் பிறகு துளை போட முடியாது. ஆகவே கண்ணாடிக் கதவுக்கு மட்டும் ரோலரை முதலில் தெரிவு செய்து, அதன் துளை அளவைக் கொடுத்த பிறகே கண்ணாடிக்குச் சொல்ல வேண்டும்.

படி 2: எதில் தொங்கப் போகிறது?

ஸ்லைடிங் கதவு வைக்க நினைப்பவர் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். வாசலுக்கு மேலே லிண்டல் என்ற கொங்கிரீட் விட்டம் இருக்கிறது, அதில் போல்ட் அடிக்கலாம் என்று நினைப்போம். ஆனால் லிண்டல் வாசலுக்கு மேலே மட்டும்தான் இருக்கிறது. கதவைத் திறந்தால் அது பக்கத்துச் சுவருக்கு நகர்கிறது. முழுக்கத் திறந்த நிலையில் 220 கிலோவும் லிண்டல் இல்லாத வெறும் புளொக் சுவருக்கு மேல் தொங்குகிறது. ட்ராக்கின் சரிபாதி நிற்கும் அந்தச் சுவரைப் பற்றி யோசிக்காமல் மாட்டிய கதவு, மூடி இருக்கும்போது உறுதியாகத் தெரியும். பகல் முழுவதும் திறந்து வைத்திருக்கும் களஞ்சியத்தில் ட்ராக்கைச் சுவரோடு பிடிக்கும் பிராக்கெட் ஒவ்வொன்றாக இளகத் தொடங்கும்.

முதலில் சுவரைத் தட்டிப் பாருங்கள். துளையுள்ள சீமெந்துப் புளொக் வெற்று ஓசை தரும். சந்தேகமென்றால் மெல்லிய துளை ஒன்று போடுங்கள். துளைப்பான் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் போனதும் திடீரென உள்ளே விழுந்தால் அது துளைப் புளொக். அதில், இறுக்கும்போது துளைக்குள் விரிந்து பிடிக்கும் போல்ட் எதுவும் பாரமான ட்ராக்கைத் தாங்காது. எவ்வளவு பெரிய போல்ட் போட்டாலும் அது பிடிப்பதற்கு உள்ளே எதுவும் இல்லை.

சுவரின் மேற்பகுதியைச் சுற்றி முழுவதும் ஓடும் கொங்கிரீட் பீம் உங்கள் கட்டடத்தில் இருந்தால் அது பெரிய வரம். புதிதாகக் கட்டுபவர்கள் வாசல் லிண்டலைக் கதவு திறக்கும் பக்கமாக இன்னொரு 3.2 மீற்றர் நீட்டி வார்க்கும்படி மேசனிடம் முதலே சொல்லிவிடுங்கள். பிறகு செய்யப் போனால் அதே வேலைக்குப் பல மடங்கு செலவாகும்.

பீம் இல்லாத பழைய கட்டடத்துக்கு இரண்டு வழிகள் உண்டு. சுவர் திடமான புளொக்காகவோ செங்கல்லாகவோ இருந்தால், துளையை மறுபக்கம் வரை கொண்டுபோய், பின்பக்கம் ஒரு நீளமான இரும்புத் தகட்டை வைத்து, நீள போல்ட்டால் இரு பக்கமும் இறுக்கலாம். துளைப் புளொக் சுவரென்றால் சுவரை மறந்துவிடுங்கள். தரையில் சொந்த அத்திவாரத்தோடு மூன்று இரும்புத் தூண்கள் நிறுத்தி, அவற்றின் மேல் ஒரு ‘ப’ வடிவச் சனல் இரும்பையோ எச் வடிவ பீமையோ வைத்து, ட்ராக்கை அதில் தொங்கவிடுங்கள். சுவர் காற்றை மறைக்க மட்டும் நிற்கட்டும். கல்லடி, காத்தான்குடி போன்ற மணல் தரையில் தூணின் அத்திவாரம் அகலமாக இருக்க வேண்டும். ஆழம் மட்டும் போதாது.

போல்ட் எவ்வளவு இழுவையைத் தாங்க வேண்டும் என்பதையும் கணக்கிடலாம். ட்ராக் சுவரிலிருந்து 10 சென்ரிமீற்றர் தள்ளி நிற்கிறது என்று வையுங்கள். ஒரு ரோலரின் பங்கு 110 கிலோ. பிராக்கெட்டின் கீழ் விளிம்பிலிருந்து மேல் போல்ட் வரை 10 சென்ரிமீற்றர் இருந்தால் மேல் போல்ட்டைச் சுவரிலிருந்து பிடுங்கும் இழுவையும் 110 கிலோ. அந்த உயரம் 5 சென்ரிமீற்றர் மட்டுமே என்றால் இழுவை 220 கிலோவாகிவிடும். ஆகவே உயரமான பிராக்கெட்டை வாங்குங்கள், ட்ராக்கைச் சுவருக்கு எவ்வளவு நெருக்கமாக வைக்க முடியுமோ அவ்வளவு நெருக்கமாக வையுங்கள். இப்படிக் கிடைத்த எண்ணைப் போல் நான்கு மடங்கு தாங்கும் போல்ட்டைத் தெரிவு செய்வது என் வழக்கம். நல்ல கொங்கிரீட்டில் முறையாகப் பதித்த 12 மில்லிமீற்றர் விரியும் போல்ட் இந்த உதாரணக் கதவுக்குப் போதும்.

"முறையாக" என்பதற்குள் சில விடயங்கள் இருக்கின்றன. துளையின் தூசியை ஊதி வெளியேற்ற வேண்டும். தூசி நிறைந்த துளையில் போல்ட் பாதிப் பிடிப்பைக்கூடத் தராமல் போகலாம். கொங்கிரீட்டின் விளிம்பிலிருந்து 12 சென்ரிமீற்றராவது உள்ளே இருக்க வேண்டும். 15 சென்ரிமீற்றர் உயர லிண்டலில் அந்த இடைவெளி மேலும் கீழும் கிடைக்காது. அங்கே மறுபக்கம் வரை துளைத்துப் பின்தகட்டோடு இறுக்குவதுதான் ஒரே நல்ல வழி.

இப்போது துளைக்குள் பசை செலுத்திப் பதிக்கும் போல்ட்டுகளும் கிடைக்கின்றன. சுவரின் பக்கவாட்டில் நல்ல வேலை செய்பவை. ஆனால் மேல்தளத்தின் அடியில் பதித்து, இடையறாத பாரத்தைக் கீழ்நோக்கித் தொங்கவிடுவதற்கு அவற்றை நானாகத் தெரிவு செய்ய மாட்டேன். 2006 ஜூலையில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரச் சுரங்கப் பாதையில் கூரைப் பலகைகள் காரொன்றின் மேல் விழுந்து ஒரு பெண் உயிரிழந்தார். பதித்த பசை தொடர்ச்சியான பாரத்தில் மெல்ல மெல்ல நெகிழ்ந்து போல்ட்டுகளை விட்டுவிட்டது என்பதுதான் விசாரணையில் தெரியவந்த காரணம். மேல்தளத்தில் தொங்கவிட்டே ஆக வேண்டுமென்றால் ஒரு பொறியியலாளரிடம் கேளுங்கள்.

படி 3: காற்றைக் கணக்கில் எடுங்கள்

1978 நவம்பர் 23 அன்று மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை மூத்தவர்கள் மறக்கவில்லை. அந்த அளவுக்குப் போகாமலே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 100 கிலோமீற்றர் வேகக் காற்று ஒரு தட்டையான பரப்பின் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 48 கிலோ அழுத்தம் கொடுக்கும். நமது கதவின் 9.6 சதுர மீற்றருக்கு அது 460 கிலோ. கதவின் சொந்தப் பாரத்தைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல், அதுவும் பக்கவாட்டில். பாரத்தைத் தாங்கும் ரோலரை மட்டும் பார்த்துப் பார்த்து வாங்கி, கதவின் அடி ஆடாமல் பிடிக்கும் கீழ் வழிகாட்டிக்கு ஒரு துண்டு அங்கிள் அயனை ஒட்டிவிட்டால் என்ன நடக்கும் என்பதை இந்த இரண்டு எண்களும் சொல்கின்றன.

கதவைச் சுவருக்கு வெளியே தொங்கவிட்டால் வாடைக்காற்று கதவைச் சுவரோடு சேர்த்து அழுத்தும். பத்து சென்ரிமீற்றர் ஒட்டு அந்த அழுத்தத்தை வாங்கிக்கொள்ளும். ஆனால் ட்ராக்கும் ரோலரும் மழையிலும் உப்புக் காற்றிலும் நிற்கும். உள்ளே தொங்கவிட்டால் ட்ராக் காய்ந்திருக்கும், ஆனால் காற்று கதவைச் சுவரிலிருந்து பிரித்து உள்ளே தள்ளும். அந்த 460 கிலோவையும் மேல் ட்ராக்கும் கீழ் வழிகாட்டியும் மட்டுமே தாங்க வேண்டி வரும்.

என் தெரிவு: கடலோரத்தில் உள்ளே தொங்கவிடுங்கள், ஆனால் மூடிய நிலையில் கதவின் இரு விளிம்பும் நுழைந்து நிற்கும்படி சுவரில் இரும்புப் பிடிகளைப் பொருத்துங்கள். பக்கத்துக்கு இரண்டு பிடி, கீழிருந்து அரை மீற்றர் உயரத்தில் ஒன்று, தோள் உயரத்தில் ஒன்று. கதவு மூடும்போது தானாகவே அவற்றுக்குள் போய் நிற்கும். இது வெல்டிங் பட்டறையில் அரை நாள் வேலை. கச்சான் காற்றுக் காலத்தில் கதவு இரவெல்லாம் அடித்துச் சத்தம் போடுவதும் இதனால் நின்றுவிடும்.

கீழ் வழிகாட்டியைத் தரையில் பள்ளம் வெட்டிப் போட வேண்டாம். மணலும் உமியும் நிரம்பும். கதவின் அடியில் ஒரு சனலை ஒட்டி, வாசல் விளிம்புச் சுவரோரம் ஒரே ஒரு சிறு உருளையைத் தரையில் பொருத்தி, சனல் அதன் மேலே ஓடும்படி செய்வது சுத்தமான முறை. வாசலின் நடுவில் எதுவும் இருக்காது. லொறியும் தடுக்காமல் வரும்.

படி 4: மேலே தொங்குவதா, கீழே ஓடுவதா?

மேலே தாங்க எதுவுமில்லை, தூண் நிறுத்தவும் இடமில்லை என்றால் பாரத்தைத் தரையில் ஓடும் சில்லுகளில் வைக்கலாம். முற்றத்துக் கேட்டுகளுக்கு அதுதான் வழமை. களஞ்சியத்துக்கு நான் அதை விரும்புவதில்லை. 2011 ஜனவரியிலும் பெப்ரவரியிலும் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்கள் வெள்ளத்தில் கிடந்தன. சேற்று நீர் உள்ளே போன பேரிங் பிறகு சரியாக ஓடாது. தரைத் தண்டவாளத்தில் படிந்த மணலைக் கூட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மேலே தொங்கும் கதவுக்கு வெள்ளம் வந்தால் அடி விளிம்பு மட்டும்தான் நனையும்.

படி 5: ட்ராக்கின் வடிவமும் தடிப்பும்

தட்டை இரும்புப் பட்டையின் மேல் பெரிய சில்லு வெளியே தெரிய ஓடும் வகை அழகுக்கு நல்லது. அறைக் கதவுக்குப் போதும். பாரமான வேலைக்கு வேண்டியது அடியில் மட்டும் திறந்த பெட்டி வடிவ ட்ராக். சில்லு உள்ளே இருப்பதால் தடம் புரளாது, பறவைக் கூடும் தூசியும் குறைவு, அடி திறந்திருப்பதால் நீர் தேங்காது.

இந்த வகையில் பார்க்க வேண்டியது அடியில் உள்ள இரண்டு உதடுகள். சில்லுகள் ஓடுவது அவற்றின் மேல்தான். தடிப்புப் போதாவிட்டால் பாரத்தில் உதடுகள் மெல்லக் கீழே விரியும். ஒருநாள் சில்லு இடைவெளியூடாக வழுகி வெளியே வந்துவிடும். தடிப்பு அளக்கும் வேர்னியரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். 100 கிலோவுக்குள் 2 மில்லிமீற்றர் தடிப்புப் பரவாயில்லை. நமது 220 கிலோக் கதவுக்கு 3 மில்லிமீற்றருக்குக் குறைந்ததை எடுக்காதீர்கள். நான்கு கிடைத்தால் மகிழ்ச்சியோடு எடுங்கள். கடைக்காரர் சொல்லும் தடிப்பை நம்பாமல் வெட்டிய முனையில் அளந்து பாருங்கள். கல்வனைஸ் என்ற துத்தநாகப் பூச்சையும் சேர்த்துச் சொல்வது வழக்கம்.

படி 6: ரோலர்

பெட்டியில் 400 கிலோ என்றிருந்தால் முதற் கேள்வி: அது ஒரு ரோலருக்கா, இரண்டு ரோலர் தாங்கும் ஒரு கதவுக்கா? இந்த ஒரு கேள்வியில் கணக்கு பாதியாகவோ இரட்டிப்பாகவோ மாறும். பெட்டியில் தெளிவாக இல்லையென்றால் கதவு ஒன்றுக்கு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

பாரம் இரண்டு ரோலருக்கும் சமமாகப் பிரியும் என்று நம்பக் கூடாது. பூட்டும் கைபிடியும் ஒரு பக்கம். ட்ராக் சற்று வளைந்தாலும் பாரம் ஒரு பக்கம் கூடும். கதவு தடுப்பில் மோதும்போது ஒரு பக்கம் தூக்கி மறுபக்கம் அழுத்தும். ஆகவே ஒரே ஒரு ரோலர் முழுக் கதவையும் தாங்கக் கூடியதாகத் தெரிவு செய்யுங்கள். நமது கதவுக்கு ஜோடிக்கு 440 கிலோ என்ற எண் உள்ள தொகுதி. அதிகமாகத் தெரியலாம். விலை வித்தியாசம் கதவின் மொத்தச் செலவில் சிறு பங்குதான்.

"அப்படியென்றால் மூன்றாவது ரோலர் ஒன்றைச் சேர்த்துவிடலாமே" என்று கேட்பார்கள். பயனில்லை. இரும்புக் கதவு விறைப்பானது. மூன்று ரோலரில் தொங்கும்போது எப்போதும் ஏதோ இரண்டுதான் பாரத்தைச் சுமக்கும், மூன்றாவது சும்மா ஓடும் அல்லது நடுவில் முட்டிக்கொண்டு நிற்கும். பெரிய இரண்டு ரோலர் எப்போதும் சிறிய மூன்றைவிட மேல்.

சில்லு நைலோனா இரும்பா? நைலோன் சத்தமில்லாமல் ஓடும், துருப்பிடிக்காது. ஆனால் பாரத்தோடு மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் அடியில் தட்டையாகிவிடும். அதன் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் துள்ளும். போகத்துக்கு இரண்டு முறை மட்டும் திறக்கும் களஞ்சியத்துக்கு இரும்புச் சில்லுதான் சரி. தினமும் திறக்கும் கடைக்கும் வீட்டுக்கும் 100 கிலோவுக்குள் நைலோன் நன்றாக இருக்கும்.

பேரிங்கைப் பற்றி நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்று: கழற்றி மாற்றக் கூடிய, எண் பொறித்த பேரிங் உள்ள ரோலரை வாங்குங்கள். 6203 என்றால் உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, அகலம் 12 மில்லிமீற்றர். 6204 என்றால் 20, 47, 14. உலகம் முழுவதும் இதே அளவு. மோட்டார் சைக்கிள், உழவு இயந்திர உதிரிப்பாகக் கடைகளில் தேடக் கூடியவை. இரு பக்கமும் ரப்பர் மூடியுள்ளதைக் கேளுங்கள். எண்ணுக்குப் பின்னால் 2ஆர்எஸ் (2RS) என்றிருக்கும். இரும்பு மூடியுள்ளது தூசியை ஓரளவு தடுக்கும், ஈரத்தைத் தடுக்காது. பேரிங்கை உள்ளேயே அடைத்து அழுத்திவிட்ட மலிவான ரோலர் போனால், முழுத் தொகுதியையும் அதே அளவில் மறுபடி தேட வேண்டி வரும். அந்த அளவு அப்போது சந்தையில் இல்லாமல் போகலாம்.

கதவை ரோலரோடு இணைக்கும் தொங்கு போல்ட்டில் உயரத்தைக் கூட்டிக் குறைக்க மரையும், இறுக்கிப் பூட்ட இரண்டாவது நட்டும் இருக்க வேண்டும். மரக் கதவில் இந்த போல்ட்டை மேல் விளிம்பில் மர ஸ்குரூவால் பிடிக்காதீர்கள். கதவின் இரு பக்கமும் இறங்கும் பட்டை வைத்து, ஊடுருவும் போல்ட்டால் இறுக்குங்கள். மாரியில் ஊதி, கோடையில் சுருங்கும் மரத்தில் ஸ்குரூ தன் பிடிப்பைத் தானே இழக்கும்.

படி 7: உப்புக்கு எதிரான பூச்சு

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரையில், குறிப்பாக ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியுமாக இருக்கும் ஒடுங்கிய நிலத்தில், பளபளக்கும் மெல்லிய துத்தநாக முலாம் பூசிய போல்ட் நீண்ட நாள் நிற்காது. அந்த முலாம் பெரும்பாலும் 5 முதல் 12 மைக்ரோன். உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த கல்வனைஸ், 3 முதல் 6 மில்லிமீற்றர் தடிப்புள்ள இரும்பில் சராசரி 70 மைக்ரோன் இருக்க வேண்டும் என்பது சர்வதேசத் தரம். பார்வைக்கு மங்கலாக, சற்றுச் சொரசொரப்பாக இருக்கும். அந்த மங்கலைப் பார்த்து ஒதுக்காதீர்கள், அதுதான் வேண்டியது. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலும், கடலிலிருந்து நன்றாக உள்ளே இருக்கும் அம்பாறை வயல் பகுதிகளிலும் முலாம் பூசியதற்கு மேல் நல்ல பெயின்ட் அடித்துச் சமாளிக்கலாம்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குபவர்கள் தர எண்ணைக் கேளுங்கள். 304 கடற்கரையில் பழுப்புப் புள்ளிகள் விடும். 316இல் மொலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பை அதிகம் எதிர்க்கும். கல்வனைஸ் ட்ராக்கை வெட்டிய முனையிலும் வெல்டிங் செய்த இடத்திலும் பூச்சு போய்விடும். துருவை உரசி எடுத்துத் துத்தநாகப் பெயின்ட் இரண்டு தடவை பூசாமல் மேலே ஏற்றாதீர்கள். ஏற்றிய பிறகு அந்த இடத்துக்குத் தூரிகை எட்டாது.

படி 8: ட்ராக்கின் நீளம்

கதவின் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு என்பது பொதுவிதி. நமது கதவுக்கு 6.4 மீற்றர். ஆனால் இரும்பு 20 அடி நீளத்தில்தான் வருகிறது, அது 6.1 மீற்றர். முப்பது சென்ரிமீற்றருக்காக ஒரு இணைப்புப் போட வேண்டுமா? வேண்டியதில்லை. ரோலர்களைக் கதவின் விளிம்பிலிருந்து 30 சென்ரிமீற்றர் உள்ளே வைத்தால் இரண்டுக்கும் இடையே 2.6 மீற்றர். கதவு நகர வேண்டிய தூரம் 3.1 மீற்றர். சில்லுகள் ஓடும் மொத்தத் தூரம் 5.7 மீற்றர், ரோலரின் உடலுக்கும் தடுப்புகளுக்கும் கால் மீற்றர் சேர்த்தாலும் ஒரே நீளத்துக்குள் அடங்கும். இணைப்பு இல்லாத ட்ராக் எப்போதும் நல்லது.

இணைப்பு தவிர்க்க முடியாத நீளமென்றால், கதவு வழக்கமாக நிற்கும் நிலையில் சில்லு இருக்கும் இடத்தில் அது வரக் கூடாது. இணைப்பின் இரு பக்கமும் நெருக்கமாகப் பிராக்கெட் போடுங்கள். மற்ற இடங்களில் 60 சென்ரிமீற்றருக்கு ஒன்று வழமை. 200 கிலோவைத் தாண்டினால் 45 ஆகக் குறையுங்கள்.

படி 9: முனைத் தடுப்பு

220 கிலோக் கதவு வினாடிக்கு ஒரு மீற்றர் வேகத்தில், அதாவது சாதாரணமாக நடக்கும் வேகத்தைவிடவும் மெதுவாக, வந்து ஒரு சென்ரிமீற்றர் மட்டுமே அமுங்கும் ரப்பரில் மோதினால், அந்தத் தடுப்பு சராசரியாக ஒரு தொன்னுக்கும் மேற்பட்ட விசையை வாங்குகிறது. ஐந்து சென்ரிமீற்றர் அமுங்கும் ரப்பரென்றால் அது ஏறத்தாழ 225 கிலோவாகக் குறைந்துவிடும். தடிப்பான, மென்மையான ரப்பரை ஏன் தேடுகிறோம் என்பதற்கு வேறு காரணம் வேண்டாம்.

மேலே ட்ராக்கில் மட்டும் தடுப்பு வைத்தால் கதவின் மேற்பகுதி நிற்கும், கீழ்ப்பகுதி தொடர்ந்து போகும். அந்த ஆட்டத்தில் ஒரு ரோலர் மேலே எழும்பும். ஆகவே தரையிலும் ஒரு தடுப்பு வேண்டும். மேல் தடுப்பு ட்ராக்கை ஊடுருவும் போல்ட்டால் பிடிக்கப்பட வேண்டும். இறுக்கும் ஸ்குரூவை மட்டும் நம்பிய தடுப்பு ஒவ்வொரு மோதலுக்கும் சற்றுச் சற்றாக நகரும். இதற்கு மேலாக ட்ராக்கின் இரு முனையையும் தகடு வைத்து மூடிவிடுங்கள். தடுப்பு கழன்றாலும் கதவு வெளியே போகக் கூடாது.

படி 10: மாட்டும் ஒழுங்கு

மேசன்மார் பயன்படுத்தும் நீர்க்குழாய் மட்டம் இந்த வேலைக்குச் சிறந்தது. குழாயில் காற்றுக் குமிழி இல்லையென்று பார்த்துவிட்டு இரு முனையிலும் கோடு போடுங்கள். ஆறு மீற்றரில் இரண்டு மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பிராக்கெட்டைத் திருத்துங்கள். சரிவிருந்தால் கதவு தானாக உருண்டு போகும். நடுவில் தொய்வு இருந்தால் எப்போதும் நடுவுக்கே வரும்.

ட்ராக்கைப் பொருத்தியதும், கதவைத் தூக்குவதற்கு முன்பே, ஒரு முனையின் தடுப்பையும் மூடியையும் நிரந்தரமாக இறுக்கிவிடுங்கள். மறு முனையால் ரோலர்களை உள்ளே விட்டு, உடனே அந்த முனையையும் மூடுங்கள். தடுப்பில்லாத ட்ராக்கில் கதவு தொங்கும் சில நிமிடங்கள்தான் முழு வேலையிலும் மிக ஆபத்தானவை. அந்த நிமிடங்களே இல்லாமல் செய்துவிடலாம்.

பிறகு கதவை மரக்கட்டைகள் மேல் நிமிர்த்தி, மேலே கயிற்றால் கட்டி, தொங்கு போல்ட்டுகளைக் கோர்த்து, கட்டைகளை ஒவ்வொன்றாக எடுங்கள். கையால் மட்டும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நட் போடச் சொல்லாதீர்கள். பிள்ளைகளை வளவுக்கு வெளியே அனுப்பிவிடுங்கள்.

தொங்கிய பிறகு ஒரு சோதனை. மீன் நிறுக்கும் தொங்கு தராசு ஒன்றைக் கைபிடியில் மாட்டி மெதுவாக இழுங்கள். நல்ல பேரிங்கும் நேரான ட்ராக்கும் இருந்தால் கதவின் பாரத்தில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு விசையில் அது ஓட வேண்டும். நமது கதவுக்கு ஐந்து ஆறு கிலோ. பதினைந்து காட்டினால் எங்கோ உரசுகிறது. உரசும் இடத்தைக் கண்டுபிடிக்காமல் கிரீஸ் பூசி மறைக்காதீர்கள்.

பாரம் தூக்கும் வேலைக்கு இந்த ட்ராக் வேண்டாம்

கதவு ட்ராக்கில் கொக்கி மாட்டி இயந்திரத்தையோ படகு எஞ்சினையோ தூக்கி நகர்த்தலாமா என்று பட்டறைக்காரர்கள் கேட்பதுண்டு. கூடாது. கதவின் பாரம் மாறாதது, நேராகத் தொங்குவது, தரையிலிருந்து ஓரிரு சென்ரிமீற்றர் உயரத்தில் இருப்பது. தூக்கும் பாரம் ஊசலாடும், திடீரென இழுக்கும், ஆளுக்கு மேலாகப் போகும். அதற்கு எச் வடிவ பீமும், அதன் கீழ் விளிம்பின் அகலத்துக்குப் பொருந்தும் சில்லு வண்டியும், சங்கிலியால் பாரம் தூக்கும் செயின் புளொக்கும் வேண்டும். மூன்றிலும் பாதுகாப்பான பார அளவு பொறித்திருக்க வேண்டும். மிகக் குறைந்த எண் எதுவோ அதுவே முழுத் தொகுதியின் எண். பீமின் அளவை ஒரு பொறியியலாளர் தீர்மானிக்கட்டும்.

பராமரிப்பு

மாட்டி ஒரு வாரத்தில் எல்லா நட்டுகளையும் ஒருமுறை இறுக்குங்கள். முதல் அசைவுகளில் எதுவும் சற்று இளகும். அதன் பிறகு வாடை தொடங்குவதற்கு முன் ஒருமுறை, மழை ஓய்ந்த பின் ஒருமுறை. ட்ராக்கின் உள்ளே கிரீஸ் பூச வேண்டாம். கச்சான் காற்றுக் கொண்டுவரும் தூசியும் ஆலை உமியும் கிரீஸில் ஒட்டிக் கெட்டியாகிச் சில்லின் பாதையை மறித்துவிடும். காய்ந்த துணியால் துடைத்தால் போதும். கடலோரத்தில் மாதம் ஒருமுறை நன்னீரால் வெளிப்புறத்தைக் கழுவி உப்பை அகற்றுங்கள். ட்ராக்கின் உதடுகளுக்கு இடையிலான இடைவெளியை முதல் நாளே அளந்து சுவரில் பெயின்டால் எழுதி வையுங்கள். ஆண்டுதோறும் அளக்கும்போது அது ஒரு மில்லிமீற்றர் கூடியிருந்தாலும் அந்த ட்ராக்கை மாற்ற வேண்டும். கதவு ஓடும்போது சில்லில் இருந்து அரைக்கும் ஓசை வந்தால் பேரிங்கின் எண்ணைக் குறித்துக்கொண்டு, இரண்டு ரோலருக்கும் சேர்த்தே புதியது வாங்குங்கள்.